தொட்டி கொள்ளும் அளவு



பெருநாள் காசு கையில் சேர்ந்தவுடன் பிள்ளைகளின் கால்கள் கடைத்தெருவை நாடுவது இயல்பு. பலூனும் பம்பரமும் வாங்கிய தலைமுறையின் மக்கள் இன்று வண்ணமீன் வாங்குகிறார்கள். பாலிதீன் பையில் தங்கநிற மீன் ஒன்று வீடு வந்து சேருகிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு ஆறாகிறது. “அத்தா, தொட்டியிலே இன்னும் இடம் இருக்கே, இன்னும் நாலு வாங்கலாமே!” என்று பிள்ளை கேட்கிறது. தந்தையும் தொட்டியை ஏறிட்டுப் பார்க்கிறார். இடம் இருப்பதாகவே அவருக்கும் தோன்றுகிறது. நாலு மீன்கள் வந்து சேருகின்றன. ஒரு வாரம் சென்றபின் ஒரு மீன் மல்லாந்து மிதக்கிறது, மறுநாள் இன்னொன்று. பிள்ளை அழுகிறது. “மீன் என்றால் சாகத்தானே செய்யும்? வேறு வாங்கித் தருகிறேன்” என்று ஆறுதல் கூறப்படுகிறது.

இந்த ஆறுதலில் இரண்டு பிழைகள் இருப்பதை எண்ணிப் பாருங்கள். முதலாவது, மீன் ஒரு வாரத்தில் சாகவேண்டிய உயிர் அன்று. இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 43 ஆண்டுகள் வாழ்ந்து, 1999இல் இறந்தது. அத்துணை நீண்ட ஆயுள் எல்லா மீனுக்கும் வாய்க்காது. ஆயினும், நல்ல நீரில் பத்தாண்டு வாழக்கூடிய மீன் நம் வீட்டில் பத்து நாளில் இறந்தால், அதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது பிழை இன்னும் பெரியது. செத்த உயிருக்கு மாற்றாகக் கடையில் வேறோர் உயிர் கிடைக்கும் என்ற பாடத்தை அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொள்கிறது.

ஆகவே, ‘ஒரு வீட்டுத் தொட்டியில் எத்தனை மீன் வளர்க்கலாம்?’ என்ற கேள்வி சிறு கேள்வியாகத் தோன்றினும், அதை ஆற அமர ஆராய்வது நமது கடமையாகிறது.

இடம் என்பது எது?

கண்ணுக்குத் தெரியும் வெற்றிடத்தை நாம் இடம் என்கிறோம். ஆனால், தொட்டியில் வாழும் மீனுக்கு நீந்தும் இடத்திற்கு முன்பாக இரண்டு தேவைகள் இருக்கின்றன. ஒன்று, மூச்சு. மற்றொன்று, அதன் கழிவு அதையே கொல்லாமல் அகற்றப்படுதல். ஆற்றிலும் கண்மாயிலும் இவ்விரண்டும் தாமாக நடந்தேறுகின்றன. நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் இவ்விரண்டுக்கும் வளர்ப்பவரே பொறுப்பாளி.

இவ்வுண்மையை முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இலண்டனைச் சேர்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர். அவர் 1849-50ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 12 கேலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறிய தங்கமீன்களையும், நீரில் வேர்விட்டு வளரும் ஒரு செடியையும் இட்டு நோக்கினார். செடி, மீனுக்குப் பிராணவாயுவைத் தந்தது. ஆனால், அழுகிய இலைகள் நீரைக் கலக்கின. அவ்வழுகலைத் தின்பதற்கு நத்தைகளை விட்டபின்பே நீர் தெளிந்தது. அந்த 12 கேலன் என்பது சுமார் 54 லிட்டர். இன்று நம் கடைகளில் விற்கும் இரண்டடி நீளத் தொட்டியின் கொள்ளளவும் ஏறக்குறைய அதுவே! அந்த அளவு நீரில் அவர் இட்டவை இரண்டே மீன்கள், அவையும் சிறியவை என்பதை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள்.

மூச்சு மேற்பரப்பின் வழியே

நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே மீன் தன் செவுள்களால் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிராணவாயு பெரும்பாலும் நீரின் மேற்பரப்பில் காற்றுப் படுவதால் உட்புகுகிறது. எனவே, தொட்டியின் ஆழத்தைக் காட்டிலும் அதன் அகலமும் நீளமுமே முக்கியம். காற்று மோட்டார் விடும் குமிழிகள்கூட, மேற்பரப்பைக் கலக்கிவிடுவதன் மூலமே பெரும்பயன் தருகின்றன.

நம் பள்ளிவாசல்களின் ஹவ்ளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்களில், பெரிய நீர்நிலைக்கு இலக்கணமாகப் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்று மேற்பரப்பு சொல்லப்படுகிறது. ஆழத்திற்கோ, கையால் நீரை அள்ளும்பொழுது தரை தெரியாதிருந்தால் போதும் என்பதே அளவு. ஷாஃபிஈ மத்ஹபிலோ, இரண்டு ‘குல்லத்’ என்று கொள்ளளவு சொல்லப்படுகிறது. அது ஏறத்தாழ 200 லிட்டர். இவை தொழுகைக்கான தூய்மையைப் பற்றிய சட்டங்களேயன்றி மீன் வளர்ப்பைப் பற்றியவை அல்ல. எனினும், ‘எவ்வளவு நீர் இருந்தால் அது எளிதில் கெடாது?’ என்று கேட்டவர்கள் பரப்பையும் கொள்ளளவையும் கணக்கிட்டார்கள் என்பது நம் சிந்தனைக்கு உரியது. ஹவ்ளில் விடப்பட்ட மீன்கள் மோட்டாரின்றியே செழிப்பதற்கும் காரணம் இதுதான். பத்து முழச் சதுரம் என்பது சுமார் 225 சதுர அடி. இரண்டடித் தொட்டியின் மேற்பரப்போ 2 சதுர அடி. நூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இது!

இனி, அழகுக்காக மேசைமேல் வைக்கப்படும் உருண்டைக் கண்ணாடிக் குடுவையை எடுத்துக்கொள்வோம். பத்து அங்குலக் குறுக்களவுள்ள குடுவையில் பாதிவரை நீர் விட்டால், மேற்பரப்பு சுமார் 78 சதுர அங்குலம். நிறைந்திருந்தால் அழகாயிருக்கும் என்று, ஆறு அங்குல வாய்ப்பகுதிவரை நீரை ஏற்றினால், மேற்பரப்பு 28 சதுர அங்குலமாகச் சுருங்கிவிடும். அதாவது, நீரைக் கூட்டக் கூட்ட மூச்சுக்கான வாசல் குறுகுகிறது. இத்தாலி நாட்டில் மோன்சா நகரம் 2004ஆம் ஆண்டிலும், ரோம் நகரம் 2005ஆம் ஆண்டிலும் தங்கமீனை இத்தகைய உருண்டைக் குடுவையில் வளர்ப்பதைத் தடை செய்தன. வளைந்த கண்ணாடி வழியே மீன் உலகைத் திரிந்த தோற்றத்தில் காண்கிறது என்பதும் அங்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

‘ஃபைட்டர் மீனை ஒரு சிறு பாட்டிலில் வைத்தே விற்கிறார்களே, அது வாழவில்லையா?’ என்று கேட்பீர்கள். அந்த மீனுக்குக் காற்றை நேரடியாக உட்கொள்ளும் தனி உறுப்பு உண்டு. நம் நாட்டுப் பனையேறிக் கெண்டையும் அத்தகையதே. 1791ஆம் ஆண்டு தரங்கம்பாடியில், குளக்கரைப் பனைமரத்தின் பட்டை இடுக்கில், நீர்மட்டத்திற்கு ஐந்தடி உயரத்தில் அம்மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு உலகப் புகழ் பெற்றது. ஆனால், காற்றைச் சுவாசிக்கும் திறன் முதல் தேவையை மட்டுமே நிறைவு செய்கிறது. இரண்டாவது தேவையான கழிவகற்றலுக்கு அது உதவாது. பாட்டிலில் உள்ள ஃபைட்டர் மூச்சுத் திணறிச் சாவதில்லை. தன் கழிவிலேயே ஊறி நலிந்து சாகிறது.

கண்ணுக்குத் தெரியாத தோட்டிகள்

மீனின் கழிவில் முதன்மையானது அம்மோனியா. அதில் பெரும்பகுதி செவுள்களின் வழியாகவே வெளியேறுகிறது. தின்னாமல் விடப்பட்ட தீனி அழுகும்பொழுதும் இதுவே உண்டாகிறது. நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். ஆனால், நஞ்சு நிறைந்திருக்கும்.

இறைவனின் படைப்பில் இதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. அதை வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் தீமை குறைந்தது, செடிகளுக்கு உரமாவது. இந்த நுண்ணுயிர்கள் மணலிலும், கல்லிலும், ஃபில்டரின் பஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. புதிய தொட்டியில் இவை போதுமான அளவு பெருகுவதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களை விடுவது, சமையல் தொடங்கும் முன்பே விருந்தினர் அனைவரையும் பந்தியில் அமர்த்துவதற்கு ஒப்பாகும்.

இதிலிருந்து இரண்டு ஒழுங்குகள் பிறக்கின்றன. முதலில் ஒன்றிரண்டு மீன்களை மட்டும் விட்டு, சில வாரங்கள் கழித்துச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். அடுத்து, ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக்கூடாது. குடிநீரில் கலக்கப்படும் குளோரின் நம் நலனுக்காகக் கிருமிகளைக் கொல்வது. அது இந்த நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பஞ்சை அலசிக் கொள்ளுங்கள்.

நம் வட்டாரத்தார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. கரிசல் காட்டு ஆழ்துளைக் கிணறுகளின் நீர் பெரும்பாலும் கடினமானது, காரத்தன்மை மிக்கது. காரத்தன்மை மிகுந்தால் அம்மோனியாவின் நச்சும் மிகுகிறது. பி.எச். எனப்படும் அளவு 7 ஆக உள்ள நீரைவிட, 8 ஆக உள்ள நீரில் நச்சு வடிவிலுள்ள அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு. அதே எண்ணிக்கை மீன், அதே தொட்டி. ஆனால், ஓர் ஊர் நீரில் பிழைக்கும், மற்றோர் ஊர் நீரில் மடியும். ஆதலால், எங்கோ குளிர்நாட்டில் எழுதப்பட்ட அட்டவணையை அப்படியே சாத்தூருக்குப் பொருத்துவது அறிவுடைமை ஆகாது.

அங்குலக் கணக்கின் குறை

மீன் வளர்ப்போரிடையே பழைய விதி ஒன்று வழங்குகிறது. ‘ஒரு கேலன் நீருக்கு ஓர் அங்குல மீன்’ என்பது அது. நினைவில் வைக்க எளிது. ஆனால், இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பத்து கேலன் தொட்டியில் ஓரங்குல மீன் பத்து விடலாம் என்று இவ்விதி கூறும். பத்தங்குல மீன் ஒன்று விடலாம் என்றும் இதே விதி கூறும். இரண்டும் ஒன்றா? நீளம் இரு மடங்கானால், அகலமும் பருமனும் கூடவே வளர்வதால், உடலின் எடை எட்டு மடங்காகிறது. நீளம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்கு! பத்துச் சிறு மீன்களைவிட அந்த ஒரு பெரிய மீன் நூறு மடங்கு எடையுள்ளது. அது தின்பதும் கழிப்பதும் எடைக்குச் சரிநேர் விகிதத்தில் கூடுவதில்லை என்றாலும், பத்துச் சிறு மீன்களை வெகுவாக மிஞ்சிவிடும். ஆகவே, இவ்விதி சிறிய, ஒல்லியான மீன்களுக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும்.

மேலும், நாம் அளக்க வேண்டியது கடையில் பார்க்கும் நீளத்தை அன்று. முழு வளர்ச்சி பெற்றபின் வரும் நீளத்தை. விசிறிவால் தங்கமீன் குழந்தையின் விரலளவில் விற்கப்படுகிறது. அது ஆறங்குலம் வளரக்கூடியது. ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். ‘ஷார்க்’ என்ற பெயரில் விற்கப்படும் பங்காசியஸ் உண்மையில் ஒரு கெளுத்தி இனம். அது ஆளின் இடுப்புயரம் வளரும் ஆற்று மீன். இவற்றுக்கு வீட்டுத் தொட்டி எதுவும் போதாது. அவற்றுக்கான சரியான எண்ணிக்கை சுழியம்!

கடைக்காரரின் தொட்டியைப் பார்த்து அளவைக் கற்கவும் கூடாது. சென்னை கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்ற பகுதி. அத்தகைய மையங்களிலிருந்து ஊர் ஊராகச் செல்லும் மீன்கள், பிராணவாயு நிரப்பிய பைகளில் நெருக்கமாக வருகின்றன. கடையிலும் நெருக்கமாகவே இருக்கின்றன. அது சில நாள் தங்கல். இரயில் பயணத்தில் நாம் நெருக்கியடித்து அமர்வதைப் போன்றது. பயணத்தில் எண்பது பேர் அமர்ந்தார்கள் என்பதற்காக, எண்பது பேரை ஓரறையில் குடிவைக்க முடியுமா?

கெட்ட நாளுக்கான கணக்கு

நம் வட்டாரத்து மக்களுக்கு ‘அளவு’ என்ற சொல்லைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலையின் ஒவ்வோர் அறைக்கும் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வரம்பு உண்டு. அவ்வறையில் இன்னும் இருவர் அமர இடம் இருக்கத்தான் செய்யும். ஆயினும், அந்த எண், எல்லாம் நன்றாக நடக்கும் நாளை எண்ணி விதிக்கப்பட்டதன்று. ஒரு பொறி தெறிக்கும் நாளை எண்ணி விதிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரை நாம் மறந்துவிடவில்லை. மனித உயிரோடு மீனின் உயிரை ஒப்பிடுவதற்காக இதை நான் கூறவில்லை. வரம்பு என்பது கெட்ட நாளை நோக்கி வகுக்கப்படுவது என்னும் நெறி, இவ்வட்டாரத்தில் பெரும்விலை கொடுத்துக் கற்ற நெறி என்பதற்காகவே கூறுகிறேன்.

மீன் தொட்டியின் கெட்ட நாள் எது? சித்திரை, வைகாசியின் நடுப்பகல். அப்பொழுது மின்சாரமும் இல்லை. 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையில் அது 7.6 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே வேளையில், பத்துப் பாகை வெப்பம் உயர்ந்தால் மீனின் பிராணவாயுத் தேவை ஏறத்தாழ இரு மடங்காகிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு இரட்டிக்கும் குடும்பத்தின் நிலைதான் அது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்வரை சமாளிக்கும். மின்சாரம் நின்றதும், குமிழி நிற்கிறது, ஃபில்டர் நிற்கிறது, சிறிது நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பிள்ளைகள், “மீன் பேசுது!” என்று மகிழ்கிறார்கள். அது பேச்சன்று, தவிப்பு.

அந்நேரத்தில் ஒரு குவளையால் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினால் காற்றுக் கலக்கும். பேட்டரியில் இயங்கும் சிறிய காற்று மோட்டாரும் கிடைக்கிறது. ஆயினும், வீட்டில் எவரும் இல்லாத நேரத்திலும் மின்சாரம் நிற்கக்கூடும் அல்லவா? ஆகையால், மோட்டார் இல்லாமலும் தாங்கக்கூடிய எண்ணிக்கையே உண்மையான எண்ணிக்கை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முழுக் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் வெற்றிடம் ஆகியவை போக, உண்மையில் நிற்கும் நீர் 45 லிட்டர் அளவே.

மேற்பரப்பு 24ஐ 12ஆல் பெருக்க 288 சதுர அங்குலம். மீன் வளர்ப்போரின் வழக்கப்படி, சிறிய வெப்பநாட்டு மீன்களுக்கு ஓரங்குல உடல் நீளத்திற்கு 12 சதுர அங்குலமும், தங்கமீனுக்கு 30 சதுர அங்குலமும் வேண்டும். தங்கமீன் மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கழிக்கும் என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

முதலில் கப்பி மீன். 288ஐ 12ஆல் வகுத்தால் 24 அங்குலம். ஒரு கப்பிக்கு இரண்டு அங்குலம் எனக் கொண்டால் 12 மீன்கள். நம் கோடையையும் கடினநீரையும் மின்தடையையும் எண்ணி மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். எஞ்சுவது 8. இந்த மூன்றில் ஒரு பங்கு என்பது நூலில் உள்ள விதியன்று. எச்சரிக்கைக்காக நான் கூறும் கழிவு.

அடுத்துத் தங்கமீன். 288ஐ 30ஆல் வகுத்தால் ஒன்பதரை அங்குலத்திற்குச் சற்று மேல். ஆறங்குலம் வளரும் மீன் ஒன்றே அதில் அடங்கும். இரண்டு என்றால் 12 அங்குலமாகி வரம்பு மீறிவிடும். இரண்டு வேண்டுமானால் மூன்றடித் தொட்டிக்கேனும் செல்லுங்கள். இதைக் கேட்டுப் பிள்ளையின் முகம் வாடலாம். வாடினாலும் கணக்கு மாறாது என்பதைப் பிள்ளை அறிந்துகொள்வது நல்லது.

இரண்டு வகையையும் ஒன்றாக விட எண்ணினால், மொத்த நீளத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முழுக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டா. இன்னோர் எச்சரிக்கை: கப்பியும் மோலியும் குட்டி ஈனும் வகை. பெண் கப்பி ஏறத்தாழ மாதம் ஒருமுறை இருபது, முப்பது என ஈனக்கூடியது. ஆணைப் பிரித்துவிட்டாலும் பல மாதங்கள் ஈன்றுகொண்டே இருக்கும். எட்டு என்று கணக்கிட்டது இரண்டே மாதத்தில் எண்பதாகிவிடும். எண்ணிக்கையைக் காக்க விரும்புவோர் ஆண் கப்பிகளை மட்டும் வாங்குங்கள். அழகிய வண்ணம் ஆணுக்கே உண்டு.

கணக்கில் சேராத கணக்கு ஒன்றும் உண்டு. 45 லிட்டர் தொட்டியில் வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். அது ஏறத்தாழ ஒரு குடம். வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஊர் நம்முடையது. குடிநீருக்கு வரிசையில் நிற்கும் வாரத்திலும் அந்த ஒரு குடத்தை நம்மால் கொடுக்க இயலுமா? இயலாது எனில், மீன்களை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரானால், அகன்ற வாளியில் ஒரு நாள் வைத்திருந்தோ, கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்திட்டோ ஊற்றுங்கள். வெளியேற்றிய பழைய நீரை வீணாக்காமல் மல்லிகைச் செடிக்கோ முருங்கைக்கோ ஊற்றுங்கள். அதில் உரம் இருக்கிறது.

விடியலில் ஒரு சோதனை

கணக்குச் சரியா, தவறா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. தொட்டியில் செடிகள் இருந்தால், அவையும் இரவில் பிராணவாயுவை உட்கொள்கின்றன. எனவே, நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும் நேரம் விடியற்காலை. சுப்ஹுத் தொழுகைக்கு எழும் இல்லங்களில் இச்சோதனைக்குத் தனியே விழிக்க வேண்டியதில்லை. தொட்டி விளக்கைப் போடுமுன், ஒரு கைவிளக்கின் மங்கிய ஒளியில் பாருங்கள். மீன்கள் நடுநீரில் அமைதியாக நின்றால் எண்ணிக்கை பொருந்துகிறது. எல்லாம் மேலே கூடி வாய் பிளந்து நின்றால், மோட்டாரை மாற்றுவதற்கு முன் எண்ணிக்கையை மாற்றுங்கள்.

மிகுந்த மீன்களை என்ன செய்வது?

கண்மாயிலோ கிணற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இரக்கம் போலத் தோன்றும் இச்செயல் பெருந்தீங்கில் முடிகிறது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் மீன், இவ்வாறு தொட்டிகளிலிருந்து வெளியேறித் தமிழகத்து ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகி, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் உணவைப் பறித்து வருகிறது. மிகுந்த மீன்களைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி உள்ள நண்பருக்குக் கொடுங்கள். பொது நீர்நிலையில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேறு சிலர், ‘எட்டுப் பொன்னிற மீன், ஒரு கறுப்பு மீன் என ஒன்பது இருந்தால் வீட்டுக்குச் செல்வம் சேரும்’ என்ற சகுனத்தை நம்பி எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள். இரண்டடித் தொட்டியில் ஒன்பது தங்கமீன்களை அடைத்துவிட்டு, அவை ஒவ்வொன்றாய்ச் செத்தால், ‘நமக்கு வரவிருந்த ஆபத்தை அது எடுத்துக்கொண்டது’ என்று சமாதானமும் சொல்கிறார்கள். சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்திற்கு ஒவ்வாதது என்பது ஒருபுறமிருக்க, அந்தச் சாவுக்குக் காரணம் விதியன்று, அம்மோனியா என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எண்ண வருவார் எவருமில்லை

மீன் கடைகளை ஒழுங்குபடுத்த 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. வணிகர்களின் எதிர்ப்புக்குப்பின் அவை திரும்பப் பெறப்பட்டன. கடைக்கே நிலைமை இதுவென்றால், நம் வீட்டு வரவேற்பறையில் எத்தனை மீன் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. மீனுக்கோ குரல் இல்லை. பூனை பசித்தால் கத்தும். ஆடு கட்டியிருந்த கயிற்றை இழுக்கும். கிளி கூண்டைக் கொத்தும். மீன் மட்டும் ஓசையின்றிச் சாகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அபூஉமைர் என்ற சிறுவர் ஒரு சிறு பறவையை வளர்த்து வந்தார். அதை நபியவர்கள் தடுக்கவில்லை. அப்பறவை இறந்தபொழுது அச்சிறுவரிடம் கனிவுடன் விசாரித்தார்கள். நன்கு பேணினால் பறவையை வளர்ப்பது ஆகும் என்று மார்க்க அறிஞர்கள் இதிலிருந்து விளக்கம் கண்டார்கள். மற்றொருபுறம், ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய கடும் எச்சரிக்கையும் நம்மிடம் உண்டு. அவ்விரண்டுக்கும் இடையில்தான் நம் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. வளர்ப்பது குற்றமன்று, அடைத்துவிட்டுப் பேணாதிருப்பதே குற்றம். மீனுக்குத் தீனி இட்டுவிட்டோம் என்பதால் மட்டும் பொறுப்பு முடிவதில்லை. அதன் காற்றும் நீரும்கூட நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகும்.

ஆதலால் பெற்றோரே, அடுத்தமுறை பிள்ளை, “இன்னும் இடம் இருக்கே!” என்று கூறும்பொழுது, ‘வேண்டாம்’ என்று அதட்டவும் வேண்டா, ‘சரி’ என்று பணத்தை எடுக்கவும் வேண்டா. அளவுகோலைப் பிள்ளையின் கையில் கொடுத்துத் தொட்டியை அளக்கச் சொல்லுங்கள். வகுத்து வந்த விடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தொட்டியின் ஓரத்தில் பிள்ளையே ஒட்டட்டும். கடைக்குப் போகும் முன் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.